அமுக்கு... விடு...

“நல்லா விடுறாங்க கதை” என்று சொல்ல நினைக்கிறவர்கள் இப்போதே சொல்லிவிட்டுப் போகலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன். மற்ற விஷயங்களில் நான் கண், காது, மூக்கு எல்லாம் வைத்துப் பேசுகிறவள்தான். மறைப்பானேன்? ஆனால் இதில் நானாக ஒரு பொட்டுகூட வைக்கவில்லை. வைக்கிற தைரியம் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது நடுராத்திரியில் நடக்கவில்லை. இருட்டு இல்லை, நாய் ஊளையிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். காலையில் பெய்த மழை விட்டு, வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தெருவில் பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் கண்முன்னால்தான் நடந்தது.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு மெத்தைக்காரர். கீழே கடை, மேலே குடித்தனம். அவரும் மனைவியும் சேர்ந்து மெத்தை தைப்பார்கள், சேர்ந்தே கொண்டுபோய்ப் போடுவார்கள். வாடகை வண்டிக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை என்று ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கினார். பச்சை நிறம். எத்தனை கை மாறியதோ, ஒவ்வொரு கதவும் ஒவ்வொரு பச்சை.

வண்டியோடு ஒரு சத்தமும் இலவசமாக வந்தது.

க்ர்ரீ... ச். க்ரீச்.

நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று. பள்ளத்தில் இறங்கினால் வரும். ஏறினால் வரும். சில நாள் சும்மா நிற்கும்போதும் வரும். எங்கள் தெருவில் எல்லாருமே மெக்கானிக் என்பது அப்போதுதான் தெரிந்தது. பெல்ட்தான் என்றார் மாடிவீட்டுத் தையல்காரர். எலி குட்டி போட்டிருக்கிறது என்றாள் முனை வீட்டுக்காரி. என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, “வயசான வண்டி, மூட்டு வலி” என்றார். அவருக்குத் தெரிந்த ஒரே நோய் அதுதான்.

நிஜ மெக்கானிக்கிடமும் வண்டி போனது. பெல்ட் மாற்றினான், கிரீஸ் அடித்தான், கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டான். பட்டறையில் வண்டி வாயே திறக்கவில்லை. டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் பல்வலி போய்விடுமே, அந்த மாதிரி. எங்கள் தெருமுனையில் திரும்பியதும்...

க்ர்ரீ... ச். க்ரீச்.

எனக்குப் பாம்புச் செவி. நானாகத் தேடிப் போய்க் கேட்பதில்லை. காற்று கொண்டுவருவதை வேண்டாம் என்று சொல்வதில்லை, அவ்வளவுதான். அந்த வாரம் காற்று கொண்டுவந்தது எதிர்வீட்டுப் புருஷன் பெண்டாட்டி பேச்சு. மிக்சியை நிறுத்திவிட்டுத்தான் கேட்டேன்.

“அது வண்டிச் சத்தம் இல்லங்க. யாரோ எதையோ சொல்ற மாதிரி இருக்கு.”

“என்ன சொல்லுதாம்? உன்ன மாதிரி ‘அது இல்ல, இது இல்ல’ன்னு மூக்கால அழுவுதா?”

“சிரிங்க, நல்லா சிரிங்க. இனிமே நான் அந்த வண்டில கால வைக்க மாட்டேன்.”

“நீ வரலன்னா டபுள் மெத்தைய மாடிப்படில யாரு புடிப்பா? எங்கப்பனா வருவாரு?”

“வந்தா கூட்டிட்டுப் போங்க.”

அவர் அப்பா போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. அவள் அப்படிச் சொன்னாள் என்றால் விளையாட்டுக்கு இல்லை.

விஷயம் பெரிது. புதிதாகத் திறக்கும் ஒரு பெண்கள் விடுதிக்கு மெத்தை முழுக்க இவர்கள் கடையில்தான் சொல்லியிருந்தார்கள். புதன்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் வேறு கடை பார்த்துவிடுவார்கள். அந்த ஆர்டரை நம்பித்தான் அந்த வருஷக் கடையே. மெத்தை நிறைய இருக்கிறது. மெத்தைக்காரருக்குத் தூக்கம் இல்லை. சத்தத்தைக் கண்டுபிடித்தால்தான் மனைவி ஏறுவாள். மனைவி ஏறினால்தான் மெத்தை ஏறும்.

ஞாயிற்றுக்கிழமை அவரே களத்தில் இறங்கிவிட்டார். பின்பக்க இடது சக்கரத்தைக் கழற்றினார். அச்சுக்கு அடியில் ஜாக்கி வைத்தார். ஜாக்கிக்கு அடியில் ஒரு பலகை, பலகைக்கு அடியில் மழை ஈரம் காயாத மண். மனைவி மேல்மாடி ஜன்னலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் எங்கள் வாசலில், தற்செயலாக, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

“அக்கா, சும்மாதானே இருக்கீங்க? ஒரு கை குடுங்களேன்.”

“நான் எப்ப தம்பி சும்மா இருந்தேன்? சரி சொல்லு.”

“பின்னாடி பம்பர்ல ஏறி நில்லுங்க. நான் கீழ படுத்து ஒவ்வொரு மூட்டா கை வச்சுப் பாப்பேன். ‘அமுக்குங்க’ன்னா வண்டிய அமுக்குங்க. ‘விடுங்க’ன்னா தளத்துங்க. சத்தம் எந்த எடத்துலேர்ந்து வருதோ, அந்த எடம் கையில அதிரும்.”

“இதுக்கு உன் பொண்டாட்டிய கூப்பிடறதுதானே?”

“அவ ஏறினா வண்டிக்குத் தெரியவே தெரியாதுக்கா. உங்கள மாதிரி...”

“என்ன மாதிரி?”

“...அனுபவசாலி வேணும்.”

என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து இருமினார். அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஏறி நின்றேன். வண்டியின் பின்பக்கம் மேலே தார்ப்பாய்க் கூண்டு. அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கீழே பார்த்தால் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அவருடைய இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. நீல ரப்பர் செருப்பு.

“ஜாக்கி தாங்குமா தம்பி?”

“யானையே ஏறி...” என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். “தாங்கும்கா. அமுக்குங்க.”

அமுக்கினேன். க்ர்ரீ... ச்.

“விடுங்கக்கா.”

விட்டேன். க்ரீச்.

“இங்க இல்ல. அடுத்ததுக்குப் போறேன். அமுக்குங்கக்கா.”

இப்படியே போனது. எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. நடுவில் தெருவையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டேன். உயரத்தில் நின்றால் எல்லார் வீட்டுப் பின்கட்டும் தெரிகிறது. இத்தனை வருஷம் இது தெரியாமல் போயிற்றே என்று நினைத்தேன்.

“அமுக்குங்கக்கா.”

“விடுங்கக்கா. இங்கயும் இல்ல.”

“அமுக்குங்க.”

“விடுங்க.”

“அமுக்கு.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அமுக்கினேன்.

“விடு.”

“என்ன தம்பி, மரியாதை தேயுது?” என்றேன்.

பதில் இல்லை. களைத்துப் போயிருப்பார், எரிச்சலில் இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். மல்லாந்து படுத்து மண்ணும் கிரீசும் கண்ணில் விழுந்தால் யாருக்குத்தான் மரியாதை வரும்?

“அமுக்கு.”

அமுக்கினேன்.

“விடு.”

விட்டேன். அப்போதுதான் ஒன்று கவனித்தேன். ‘இங்க இல்ல’ என்று அவர் சொல்லி ரொம்ப நேரம் ஆகிவிட்டது. ‘அடுத்தது’ என்றும் சொல்லவில்லை.

“கெடச்சுதா தம்பி?”

“அமுக்கு.”

குரல் கொஞ்சம் கிட்டத்தில் கேட்டது. அவர் படுத்திருந்தது இடது பக்கம், கழற்றிய சக்கரத்தின் ஓரம். குரல் வந்தது நேர் கீழே. என் கால் வைத்திருக்கிற பம்பருக்கு அடியில்.

உள்ளே நகர்ந்து போயிருக்கிறார் என்று நினைத்தேன்.

ஆனால் செருப்புக்கால்கள் இடது பக்கம் அதே இடத்தில்தான் நீட்டிக்கொண்டிருந்தன.

“விடு.”

“பேரு சொல்லிக் கூப்பிட்டாலாவது பரவால்ல. நாய வெரட்டற மாதிரி என்ன ‘அமுக்கு’, ‘விடு’?”

“அமுக்கு.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சொல்லக் கூடாது, வேண்டுமென்றே ஓங்கி அமுக்கினேன். வண்டி இறங்கியது. முன்னைவிட ஆழமாக.

க்ர்ரீ...... ச்.

மணி என்ன இருக்கும் என்று தையல்காரர் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஜன்னல் வழியாக எனக்கு அது எப்போதும் தெரியும். நாலே முக்கால்.

கடிகாரத்துக்குக் கீழே தையல்காரர் நின்றார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்.

வாய் பெரிதாகத் திறந்திருந்தது.

சத்தம் வரவில்லை.

தெருவைப் பார்த்தேன். பந்து ஓரமாக உருண்டு போய்க்கொண்டிருந்தது. அதை யாரும் துரத்தவில்லை. பையன்கள் என்னைப் பார்த்து ஓடி வந்தார்கள். எல்லார் வாயும் திறந்திருந்தது.

ஒரு சத்தமும் இல்லை...

காக்கை இல்லை. காலடி இல்லை. என் மூச்சுகூட எனக்குக் கேட்கவில்லை.

“விடு.”

அது மட்டும் கேட்டது.

“அமுக்கு.”

நிறுத்த நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். கால் கேட்கவில்லை. இப்போது குரல் எது, கிரீச் எது என்று பிரிக்க முடியவில்லை. இரும்பு இறங்கும்போது ஒரு வார்த்தை. ஏறும்போது ஒரு வார்த்தை.

“விடு.”

நீலச் செருப்பு ஒன்று கழன்று கிடந்தது.

“அமுக்கு.”

வெறும் பாதம் மண்ணை உதைத்துக்கொண்டிருந்தது.

“அமுக்கு.”

‘விடு’ வரவில்லை.

“அமுக்கு.”

மெத்தைக்காரரின் மனைவி தலைமுடி அவிழ்ந்து ஓடி வந்தாள். வாய் கிழிகிற மாதிரி திறந்திருந்தது. என் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

அணை உடைந்த மாதிரி எல்லாச் சத்தமும் ஒரே நேரத்தில் என் காதில் வந்து விழுந்தது.

“நிறுத்துங்கக்கா! ஐயோ நிறுத்துங்கக்கா! செத்துருவேன்க்கா!”

வண்டிக்கு அடியிலிருந்து. அவருடைய குரல்.

ஜாக்கி பலகையோடு மண்ணுக்குள் சாய்ந்து போயிருந்தது. வண்டியின் அடிப்பாகம் அவர் நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்தது. என் வீட்டுக்காரர், தையல்காரர், பையன்கள் எல்லாரும் சேர்ந்து தூக்கிப் பிடிக்க, அவள் அவர் காலைப் பிடித்து வெளியே இழுத்தாள். அவர் முகம் நீலம் பாரித்திருந்தது. மூச்சு இருந்தது.

நான் மண்ணில் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைத் தூக்கவில்லை.

பிழைத்துக்கொண்டார். விலா எலும்பு மூன்று முறிந்திருந்தது, தோள் இறங்கியிருந்தது. விடுதி மெத்தைகளை என் வீட்டுக்காரரும் தையல்காரரும் வாடகை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பச்சை வண்டியை மனைவி இரும்புக்கடைக்கு இழுத்துப் போகச் சொன்னாள். அவர்கள் அதை வெட்டித் துண்டு போடும்வரை கூடவே நின்று பார்த்துவிட்டு வந்தாளாம்.

ஆஸ்பத்திரியில் அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். கோபமாகக்கூட இல்லை.

“ஏன்கா... நான் அவ்வளவு கத்தினேனே. நாலாவது மூட்டுலயே ‘ஜாக்கி சாயுது, எறங்குங்க’ன்னு சொன்னேனே. ஏன் அமுக்கிட்டே இருந்தீங்க?”

“நீதானே தம்பி அமுக்கு அமுக்குன்ன?”

“நானா?”

மனைவி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. “போயிடுங்க” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

அதற்குப் பிறகு தெருவில் நான்தான் பேச்சு. நான் நடந்தால் குழாயடியில் வாய் மூடும். நான் தாண்டியதும் திறக்கும். வேண்டுமென்றே செய்தாள் என்றார்கள். காது போய்விட்டது என்றார்கள். காது டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, ஊசி விழுகிற சத்தம்வரைக்கும் சோதித்துவிட்டு, “இந்த வயசுக்கு இப்படி ஒரு காது நான் பார்த்ததில்லம்மா” என்றார். அதைக் கேட்டு அழுத முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

எனக்குத் தெரிந்தாக வேண்டும். வேறு எதற்காகவும் இல்லை. மெத்தைக்காரர் மனைவியின் முகத்தை மறுபடி பார்க்க வேண்டும், அதற்காக.

வண்டியை விற்றுக்கொடுத்த தரகரைப் பிடித்தேன். முதலில் நழுவினார். என்னிடம் யார் நழுவ முடியும்? மூன்றாம் நாள் கக்கிவிட்டார்.

இதற்கு முன்னால் அந்த வண்டியை வைத்திருந்தது அண்ணன் தம்பி இரண்டு பேர். மரச்சாமான் ஏற்றுவார்கள். அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்திருக்க, தம்பி மேலே நின்றிருக்கிறான். ஜாக்கி மண்ணில் சாய்ந்துவிட்டது. தம்பி நிறுத்தவில்லை. அண்ணன் அங்கேயே போய்விட்டான்.

“இத அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருந்தா வண்டி போயிருக்குமாம்மா?” என்றார் தரகர்.

கேட்டதும், உண்மையைச் சொன்னால், மனசு கொஞ்சம் லேசாயிற்று. பாவம், அந்த அண்ணன். செத்த இடத்தில் செத்த நேரத்து வார்த்தையையே சொல்லிக்கொண்டு கிடக்கிறான். அப்படித்தான் கணக்குப் போட்டேன். அந்தத் தம்பி ஒருவனாவது என்னை நம்புவான்.

அவனைத் தேடிப் போனேன். ஒரு அச்சகத்தின் பின்அறையில் அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தான். முப்பது வயதுகூட இருக்காது. தலை பாதி நரைத்திருந்தது. நான் யார், என்ன நடந்தது என்று எல்லாம் சொன்னேன். பெட்டி மடிக்கிற கையை அவன் நிறுத்தவில்லை.

“உங்க அண்ணன் குரல நான் கேட்டேன்ப்பா” என்றேன்.

கை நின்றது.

“என்ன சொன்னுச்சு?”

“‘அமுக்கு’, ‘விடு’. அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா? கடைசில வேற ஒண்ணும் சேக்கலியா?”

“இல்லியே.”

அவன் மடித்த பெட்டி ஒன்றை எடுத்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தான்.

“நாங்க வாங்கும்போதே அந்தச் சத்தம் இருந்துச்சும்மா. அதப் பாக்கத்தான் அண்ணன் கீழ போனான்.”

எனக்குச் சட்டென்று புரியவில்லை.

“எங்கண்ணன் ‘டா’ போடாம என்கிட்ட ஒரு வார்த்த பேசினதில்ல. ‘அமுக்குடா’, ‘விடுடா’, ‘தின்னியாடா’, ‘செத்துத் தொலடா’. எல்லாத்துக்கும் ‘டா’தான். அன்னிக்கும் மொதல்ல அப்படித்தான் சொன்னான். அப்புறம் ‘டா’ நின்னுடுச்சு. வெறும் ‘அமுக்கு’. வெறும் ‘விடு’.”

பின்அறையில் அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேட்டது.

“அவனுக்கு என்மேல ஏதோ கோவம்னு நெனச்சேம்மா” என்றான். “அதான், இன்னும் ஓங்கி அமுக்கினேன்.”